‘ரிங்கு’ ஏன் அச்சுறுத்துகிறது? ஒரு ஜப்பானியப் பேய்ப்படம் இயங்கும் விதம்

1998 ஜனவரி இறுதியில் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்த ‘ரிங்கு’ திரைப்படத்தில் ரத்தம் ஏறக்குறைய இல்லை. ஆயுதம் ஏந்திய கொலையாளி இல்லை. பாழடைந்த மாளிகை இல்லை. பேய் தன் முழு உருவத்தோடு நம்மை நோக்கி வருவதுகூடப் படம் முடியப்போகும் வேளையில், ஓரிரு நிமிடங்களுக்கு மட்டுமே. ஆனாலும் ஆசியப் பேய்ப்படம் என்றதும் இன்று பலருக்கும் நினைவில் எழும் உருவம், அதாவது வெள்ளுடையும் முகத்தை மறைத்துத் தொங்கும் கருங்கூந்தலும் கொண்ட அந்தப் பெண்ணுருவம், உலகெங்கும் பரவியது இந்தப் படத்தின் வழியாகத்தான். இவ்வளவு குறைவாகக் காட்டும் ஒரு படம் இவ்வளவு ஆழமாக எப்படி அச்சுறுத்துகிறது என்பதைப் பேய்ப்படங்களில் அதிகப் பழக்கமில்லாதவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன். படத்தின் அச்சம் அதன் முடிவில்தான் முழுமை பெறுகிறது என்பது என் கருத்து; எனவே முடிவையும் மறைக்காமல் பேச வேண்டியிருக்கும். கதை தெரியாமல் பார்க்க விரும்புபவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பதே நல்லது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திடுக்கிடுவது வேறு, அஞ்சுவது வேறு. அமைதியான காட்சியில் திடீரென்று பேரொலி எழுந்தால் யாராக இருந்தாலும் உடல் துள்ளும். அது அனிச்சைச் செயல். அதற்குக் கதை தேவையில்லை, அதை உண்டாக்கப் பெரிய திறமையும் தேவையில்லை. சில நொடிகளில் அந்த அதிர்ச்சி வடிந்து, பெரும்பாலும் ஒரு சிரிப்பில் போய் முடிந்துவிடும். அச்சமோ இனி நடக்கப்போவதைப் பற்றியது. வரப்போவது என்னவென்று அரைகுறையாகத் தெரிந்து, அதைத் தடுக்கும் வழி தெரியாமல் காத்திருக்கும்போது அது வளர்கிறது. ‘ரிங்கு’ இரண்டாவதையே நம்பி எடுக்கப்பட்ட படம். இயக்குநர் ஹிதேயோ நகாதாவும் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷியும் 96 நிமிடங்களில் பெரும்பகுதியைக் காத்திருப்புக்கே ஒதுக்கியிருக்கிறார்கள்.

கதையின் அடிப்படை மிக எளியது. ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு உடனே ஒரு தொலைபேசி அழைப்பு வரும். சரியாக ஏழு நாட்கள் கழித்து அவர்கள் இறந்துபோவார்கள். பள்ளிப் பிள்ளைகளிடையே உலவும் இந்த வதந்தியைப் பற்றிச் செய்தி சேகரித்துவரும் ரெய்கோ அசகாவா என்ற நிருபர், தன் சகோதரி மகள் தொமோகோவும் அவளுடைய நண்பர்கள் மூவரும் ஒரே இரவில், ஒரே நேரத்தில் இறந்திருப்பதை அறிகிறார். அவர்கள் சேர்ந்து தங்கியிருந்த இசு தீபகற்பத்துக் குடிலுக்குச் சென்று, அந்தக் கேசட்டைக் கண்டெடுத்து, பார்த்தும்விடுகிறார். படம் ஓடி முடிந்து இருண்ட தொலைக்காட்சிக் கண்ணாடியில் யாரோ நிற்பதுபோல ஓர் உருவம் பிரதிபலிக்கிறது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, தொலைபேசி ஒலிக்கிறது. அந்த நொடியிலிருந்து அவருக்கு ஏழு நாட்கள். விவாகரத்தான கணவர் ரியூஜியின் உதவியை நாடுகிறார். அவரும் கேசட்டைப் பார்க்கிறார். பின்னர் ஓர் இரவு, அவர்களுடைய சிறுவயது மகன் யோய்ச்சியும் யாரும் அறியாமல் பார்த்துவிடுகிறான்.

இதற்கெல்லாம் முன்பு, தொமோகோவின் மரணத்தைக் காட்டும் தொடக்கக் காட்சி ஒன்று இருக்கிறது. படம் நம்மை அச்சுறுத்தப் பயன்படுத்தப்போகும் பொருட்கள் எல்லாம் அதிலேயே மேசைமீது எடுத்து வைக்கப்பட்டுவிடுகின்றன என்பதால் சற்று நெருங்கிப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் இல்லை. தொமோகோவும் தோழியும் அறையில் உட்கார்ந்து அந்தக் கேசட் வதந்தியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோழி விளையாட்டாகச் சொல்கிறாள். தொமோகோவின் முகம் மாறுகிறது. நானும் அதைப் பார்த்தேன், சரியாக ஒரு வாரம் ஆகிறது என்கிறாள். கீழே தொலைபேசி ஒலிக்கிறது. இருவரும் உறைந்துபோய் இறங்கி வந்து எடுத்தால், அது வீட்டாரிடமிருந்து வந்த சாதாரண அழைப்பு. சிரித்துவிட்டுத் தோழி அப்பால் போகிறாள். தொமோகோ தனித்து நிற்கும்போது பக்கத்து அறையில் தொலைக்காட்சி தானாகவே ஒளிர்ந்து பேஸ்பால் ஆட்டம் ஓடுகிறது. அதை அணைக்கிறாள். பிறகு எதையோ உணர்ந்து திரும்புகிறாள். அவளுடைய முகம் அப்படியே உறைந்து புகைப்பட நெகட்டிவ் போல நிறம் மாறுகிறது. அவள் எதைக் கண்டாள் என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை.

தொலைபேசி, தொலைக்காட்சி, திரும்பிப் பார்த்தல், புகைப்படம். வீட்டுக்கு வீடு இருக்கும் இந்த நான்கையும் ஐயத்துக்குரியவையாக ஆக்கிவிட்டு, கொன்றது எது என்பதை மட்டும் படம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அந்தக் கடனை அது திருப்பித் தருவது ஏறக்குறைய எண்பது நிமிடங்கள் கழித்துத்தான். இடைப்பட்ட நேரத்தில் எந்தத் தொலைபேசி மணி கேட்டாலும், அணைந்த திரை ஒன்று சட்டகத்தின் ஓரத்தில் தெரிந்தாலும், பார்வையாளர் தாமாகவே அஞ்சிக்கொள்வார். இயக்குநர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்ததாக, காலக்கெடு. வழக்கமான பேய்வீட்டுக் கதைகளில் பேய் ஓர் இடத்தைச் சேர்ந்தது. அந்த வீட்டைவிட்டு வெளியேறினால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை எப்போதும் உண்டு, ஏன் வெளியேறாமல் இருக்கிறார்கள் என்ற எரிச்சலும் உண்டு. இங்கே சாபம் இடத்தில் இல்லை, பொருளில் இருக்கிறது; அதுவும் எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய, எளிதில் படியெடுக்கக்கூடிய பொருள். ஓடுவதற்கு இடமில்லை, ஆனால் நாட்கள் மட்டும் எண்ணப்பட்டுவிட்டன. ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது கிழமையும் தேதியும் எழுத்தில் தோன்றி மறைகின்றன. அதற்குப் பின்னணி இசையின் ஆரவாரம்கூட இல்லை. ஒரு துப்பறியும் கதை போலத்தான் படத்தின் நடுப்பகுதி நகர்கிறது: நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறார்கள், ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், வட்டார வழக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இசு ஒஷிமா என்ற எரிமலைத் தீவுக்குப் படகேறுகிறார்கள். துப்பறியும் கதையில் நேரம் போவது சுவாரசியம்; இங்கே நேரம் போவதுதான் ஆபத்து.

பார்வையாளருக்கும் இந்தச் சாபத்துக்கும் உள்ள தொடர்பை உண்டாக்குவதில் படம் ஒரு துணிச்சலான முடிவை எடுத்திருக்கிறது. அந்தக் கேசட்டில் இருப்பதை அது நமக்கு மறைக்கவில்லை. ரெய்கோ பார்ப்பது முழுவதையும் நாமும் பார்க்கிறோம். மேகத்தின் நடுவே ஒளிவட்டம். நீள்வட்டக் கண்ணாடியின் முன் கூந்தலை வாரும் ஒரு பெண். கண்ணாடி ஒரு கணம் இடம் மாறி, அதில் தெரியும் வேறொரு சிறுமி. எறும்புகள் போல ஊர்ந்து திரியும் செய்தித்தாள் எழுத்துகள். தரையில் தவழ்ந்து பின்னோக்கி நகரும் மனிதர்கள். தலையில் துணி போர்த்தி எங்கோ சுட்டிக்காட்டி நிற்கும் ஓர் ஆள். ஓர் எழுத்து பிரதிபலிக்கும் கண். கடைசியாக, வெட்டவெளியில் ஒரு கிணறு. இவற்றில் ஒன்றும் தனியாக எடுத்துப் பார்த்தால் கொடூரமானதல்ல. ஆனால் இவற்றை யார் படம் பிடித்தார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லை. கண்ணாடியை நேருக்கு நேர் பார்க்கும் கோணத்தில் எடுத்த காட்சியில், எடுத்தவரின் உருவம் கண்ணாடியில் தெரிந்தாக வேண்டும்; இதில் தெரியவில்லை என்பதை ரியூஜி கவனிக்கிறார். கேமரா இன்றிப் பதிவான காட்சி அது, ஒருத்தியின் மனம் நாடாவில் நேராகப் பதிந்துவிட்டது என்பது மெல்லத் தெளிவாகிறது. அதோடு இன்னொன்றும் உறுத்தத் தொடங்குகிறது: நாமும் பார்த்துவிட்டோமே. 1998க்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் இந்தப் படத்தை வீட்டில், வாடகைக்கு எடுத்த கேசட்டை டெக்கில் போட்டுப் பார்த்தவர்களுக்கு, படம் முடிந்து திரை இருண்டபின் அந்த அறையில் எழுந்து போய் விளக்கைப் போடுவது எளிதாக இருந்திருக்காது.

இனி அந்தப் பெண்ணுருவத்துக்கு வருவோம். சடாகோ யமமுரா நகாதாவின் கற்பனையில் திடீரென்று முளைத்தவள் அல்லள். ஜப்பானிய மரபில் ஒன்ரியோ என்று ஒரு வகைப் பேய் உண்டு. அநீதி இழைக்கப்பட்டு, மனக்கொதிப்போடு இறந்த ஒருவரின் ஆவி அது. தனக்குத் தீங்கு செய்தவரோடு நிற்காமல் ஊரையே தாக்கக்கூடிய சீற்றம் கொண்டது. இந்த நம்பிக்கை எவ்வளவு பழையது, எவ்வளவு தீவிரமானது என்பதற்கு சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞரின் வரலாறு நல்ல சான்று. அரசவைச் சூழ்ச்சியால் தலைநகரிலிருந்து விரட்டப்பட்ட அவர் 903இல் இறந்தார். அதன்பின் எதிரிகள் ஒவ்வொருவராக மாண்டதும், 930இல் அரண்மனைமீதே இடி விழுந்ததும் அவருடைய ஆவியின் வேலை என்று கருதப்பட்டது. பறித்த பதவியை இறந்தவருக்கே திரும்ப அளித்தார்கள். கியோட்டோவில் கோயில் எழுப்பினார்கள். சீற்றம் தணிந்தது மட்டுமல்ல, இன்று அவர் கல்விக்கு உரிய தெய்வம். தேர்வெழுதப் போகும் மாணவர்கள் அவர் கோயிலில் வேண்டிக்கொள்கிறார்கள்.

பிற்கால மேடை மரபில் ஒன்ரியோ பெரும்பாலும் பெண். த்சுருயா நன்போகு எழுதி 1825இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரங்கேறிய காபுகி என்னும் மரபுவழி மேடை நாடகம் ஒன்றில் ஒய்வா என்ற மனைவி, நஞ்சால் முகம் சிதைந்து, ஒரு கண் சரிந்து, வாரும்போதே கூந்தல் கொத்துக் கொத்தாக உதிர்ந்து சாகிறாள். ஒகிகு என்ற பணிப்பெண்ணின் கதை வேறு. பத்துத் தட்டுகளில் ஒன்று காணாமல்போன பழியில் கொன்று கிணற்றில் எறியப்பட்ட அவள், இரவுதோறும் கிணற்றிலிருந்து தட்டுகளை எண்ணுகிறாள், ஒன்பதுக்குப் பிறகு ஒன்று குறைவதைக் கண்டு அலறுகிறாள். ஹிமேஜி கோட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒகிகுவின் கிணறு என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். சடாகோவின் கிணறு, அந்தக் கேசட்டில் வரும் சீப்பு, கூந்தலின் இடையே முறைக்கும் ஒற்றைக் கண் ஆகியவை ஜப்பானியப் பார்வையாளருக்கு எங்கிருந்து வருகின்றன என்பது சொல்லாமலே புரியும். வெள்ளுடையும் அப்படித்தான், அது அங்கே இறந்தவர்க்கு உடுத்தும் உடை.

இந்தப் பழைய சரக்கோடு இன்னொன்றும் கலந்திருக்கிறது. சடாகோவின் தாய் ஷிசுகோ, இசு ஒஷிமாவில் உள்ள மிஹாரா எரிமலை வெடிக்கப்போவதை முன்கூட்டியே சொன்னவர். இக்குமா என்ற ஆய்வாளர் அவரைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்திச் சோதனை நடத்த, சொன்னது சரியாக இருந்தும் கூட்டம் அவரை ஏமாற்றுக்காரி என்று தூற்றுகிறது. கூச்சலிட்ட நிருபர் அங்கேயே விழுந்து சாகிறார். கொன்றது மேடையோரம் நின்ற சிறுமி சடாகோ. இந்தக் காட்சிக்கு உண்மை நிகழ்ச்சிகளின் சாயல் உண்டு. 1910இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுகுராய் தொமோகிச்சி என்ற உளவியலாளர், மறைத்து வைத்த எழுத்தைப் படிக்கவல்லவர் என்று சொல்லப்பட்ட மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை அறிஞர்கள் முன் சோதித்துக் காட்டினார். ஐயமும் பத்திரிகைகளின் ஏளனமும் சூழ்ந்தன. அடுத்த ஆண்டு, இருபத்து நான்கு வயதில் அவர் நஞ்சருந்தி இறந்தார். எண்ணத்தை ஒளிப்படத் தகட்டில் பதிக்க முடியும் என்று ஃபுகுராய் 1913இல் நூலே எழுதினார். அதில் இடம்பெறும் பெண்களில் ஒருவர் பெயர் தகாஹாஷி சடாகோ. ஆக, ஒளிப்படத் தகட்டில் மனம் பதியும் என்ற நூற்றாண்டுப் பழமையுள்ள கனவைத்தான் இந்தப் படம் வீடியோ நாடாவுக்கு மாற்றிக்கொண்டது. பேயும் கருவியும் இங்கே தற்செயலாகச் சேர்ந்தவையல்ல.

படமாக்கும் முறையில் நகாதாவுக்கு முன்னோடிகள் இருந்தனர். நோரியோ த்சுருதா இயக்கி 1991 முதல் நேரடியாக வீடியோவில் வெளிவந்த குறும்படத் தொடரில், ஆவி கேமராவை நோக்கிப் பாய்வதில்லை. பின்னணியில், தூரத்தில், குவியம் தவறிய மங்கலில், அசையாமல் நிற்கும். பார்வையாளர் அதைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஆவி விழுந்த புகைப்படங்களைத் தேடித் தொகுத்து வியக்கும் மோகம் 1970கள் முதலே ஜப்பானில் இருந்ததால், இந்த மங்கல் உருவங்களைப் படிக்கக் கண்கள் ஏற்கெனவே பழகியிருந்தன. ‘ரிங்கு’வில் சபிக்கப்பட்டவர்களைப் புகைப்படம் எடுத்தால் முகம் மட்டும் இழுபட்டுக் குலைந்து தெரிகிறது. தன் நிலை என்னவென்று அறிய ரெய்கோ தன்னையே படம் எடுக்கச் சொல்லி, வெளிவரும் படத்தைப் பார்க்கும் காட்சியில் எந்தப் பேயும் இல்லை. ஒரு தாளில் முகம் தெளிவாக வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மருத்துவ அறிக்கை கைக்கு வந்ததுபோல அந்தத் தாள் கனக்கிறது.

இசையமைப்பாளர் கெஞ்சி கவாயின் ஒலியமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இசை எது, சூழலின் ஒலி எது என்று பிரிக்க முடியாதபடி அவர் இரண்டையும் குழைத்திருக்கிறார். உலோகம் உராய்வது போன்ற ஒரு கிறீச்சொலி கேசட்டோடு சேர்ந்து வருகிறது. பின்பு அதே ஒலி தொலைபேசியில் கேட்கிறது. அதன்பின் அது எங்கே மெல்லக் கேட்டாலும் நமக்குப் போதும். மற்ற இடங்களில் பெரும்பாலும் மௌனம். நல்ல ஒலி இல்லாத கைப்பேசித் திரையில் பார்ப்பவர்கள் இந்தப் படத்தில் பாதியை இழந்துவிடுவார்கள்.

கதையின் திருப்பத்துக்கு வந்துவிட்டோம். தேடலின் முடிவில் ரெய்கோவும் ரியூஜியும் கண்டறிவது இது: இக்குமா சடாகோவைத் தலையில் அடித்துக் கிணற்றில் தள்ளி மூடிவிட்டிருக்கிறார், கேசட் கிடைத்த அந்தக் குடில் பின்னாளில் அதே கிணற்றின்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. தரைப்பலகைக்கு அடியில் புகுந்து, கல்மூடியை நகர்த்தி, உள்ளே இறங்குகிறார்கள். உட்சுவரில் ரியூஜியின் விளக்கு படும் இடத்தில் பெயர்ந்த விரல்நகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே சாகாமல், ஏறிவர முயன்றிருக்கிறாள். கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருக்கிறது. வாளி வாளியாக நீரை இறைத்து, கை சோர்ந்து விழும் நிலையில் ரெய்கோ சேற்றுநீரில் துழாவுகிறார். முதலில் கையில் சிக்குவது கூந்தல், பிறகு மண்டையோடு. அவர் அலறவில்லை. தொலைந்த குழந்தை கிடைத்ததுபோல அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். மேலிருந்து ரியூஜி கூவுகிறார்: நேரம் கடந்துவிட்டது, நீ சாகவில்லை.

பேய்க்கதைகளை ஓரளவு கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த இடத்தில் மனம் தளர்ந்துவிடும். அநீதி வெளிச்சத்துக்கு வந்தது, எலும்புகள் எடுக்கப்பட்டன, ஒரு தாயின் அணைப்பும் கிடைத்தது. மிச்சிசானேயின் ஆவி தணிந்த அதே முறைப்படி சடாகோவும் தணிந்திருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டு மரபு அதைத்தான் சொல்கிறது. படமும் வேண்டுமென்றே முடிந்துவிட்டதுபோல நடிக்கிறது: விடிந்துவிட்டது, வெளிச்சம் வந்துவிட்டது, ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போகிறார்கள்.

மறுநாள் ரியூஜி தன் வீட்டில் மேசைமுன் அமர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தொலைக்காட்சி தானாக ஒளிர்கிறது. கேசட்டின் கடைசியில் கண்ட அதே கிணறு; ஆனால் முன்பு அந்தக் காட்சி வெட்டுப்பட்டு நின்ற இடத்தைத் தாண்டி இப்போது தொடர்கிறது. விளிம்பில் ஒரு கை தோன்றுகிறது. சடாகோ ஏறி வெளிவந்து, தத்தித் தத்தி, அந்தத் திரைக்குள்ளிருந்தே முன்னோக்கி நடந்து வருகிறாள். தொலைபேசி ஒலிக்கிறது. நெருங்கியவள் திரையின் கண்ணாடியைக் கடந்து அறையின் தரைக்குத் தவழ்ந்து வருகிறாள். தரையில் ஊன்றிய விரல்களில் நகங்கள் இல்லை. கிணற்றுச் சுவரில் நாம் பார்த்த நகம் அது என்பது நினைவுக்கு வர ஒரு கணம் போதும். அந்த நடை மனித நடையாக இல்லாததற்குக் காரணம் எளிய உத்தி ஒன்று: நடிகை ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படமெடுத்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். எடையும் தசையும் செயல்படும் வரிசை மாறிவிடுவதால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாமலே கண் அதை மறுக்கிறது. கடைசியில் திரையை நிறைக்கும் அந்தக் கண்கூட நடிகையுடையது அல்ல. படக்குழுவில் இருந்த ஓர் ஆணின் கண் அது. முகம் கடைசிவரை காட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகம் தெரிந்தால் அதில் கோபத்தையோ துயரத்தையோ நாம் படித்துவிடுவோம், கெஞ்சிப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றும். கூந்தலிடம் என்ன கெஞ்சுவது?

இந்தக் காட்சி புகழ்பெற்றது அதன் உத்திக்காக. அது அச்சுறுத்துவதோ, இருக்கும் இடத்துக்காக. முதல் அரைமணிக்குள் இதை வைத்திருந்தால் ஒரு நல்ல வித்தையாக இருந்திருக்கும். எல்லாப் பரிகாரமும் செய்து முடித்த பின்பு வருவதால், பரிகாரம் என்ற எண்ணமே அங்கே சரிந்துபோகிறது. சடாகோவுக்கு நியாயம் தேவையில்லை, கண்ணீர் தேவையில்லை. அப்படியானால் என்னதான் வேண்டும்?

விடையை ரெய்கோ கண்டுபிடிக்கிறார். தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்று உழன்று கொண்டிருக்கும்போது, தலையில் துணி போர்த்திய அந்த ஆளின் உருவம் கேசட் இருக்கும் பையைச் சுட்டுகிறது. தான் செய்து, ரியூஜி செய்யாதது ஒன்றே ஒன்று: படியெடுத்து இன்னொருவருக்குக் காட்டியது. இதைப் பத்துப் படி எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று மிரட்டி அஞ்சலட்டைகள் வந்த காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜப்பானிலும் 1970களில் துர்ப்பாக்கியக் கடிதங்கள் என்ற பெயரில் அதே தொல்லை நிலவியது. யாரோ ஓர் அற்பர் விளையாட்டுக்கு எழுதிய மிரட்டல் உண்மையாகவே வேலை செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்த்ததில் பிறந்த முடிவு இது. கோஜி சுசுகியின் 1991 நாவலில் இந்தப் பெருகும் இயல்புக்கு நோய்க்கிருமியை ஒட்டிய ஒரு விளக்கம் உண்டு. நாயகனும் அங்கே ஆண். படம் அந்த விளக்கத்தைக் கைவிட்டு, நாயகியைத் தனித்து மகனை வளர்க்கும் தாயாக மாற்றியது. இரண்டும் நல்ல மாற்றங்கள் என்பேன், குறிப்பாக இரண்டாவது. ஏனெனில் இறுதியில் அவர் செய்யப்போவதை ஒரு தாய் செய்வதாக இருக்கும்போது நம்மால் எளிதில் கண்டிக்க முடிவதில்லை. மகனைக் காப்பாற்ற, வீடியோ டெக்கையும் கேசட்டையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, தன் தந்தையின் ஊருக்குப் புறப்படுகிறார். யோய்ச்சிக்காக ஓர் உதவி வேண்டும் என்று அவரிடம் தொலைபேசியில் சொல்கிறார். பேரன் படியெடுத்ததைத் தாத்தா பார்ப்பார். தாத்தா யாருக்குக் காட்டுவார், அவருக்குச் சொல்லப்படுமா என்பதைப் படம் நம்மிடம் விட்டுவிடுகிறது. பேயின் கொடுமையைவிட, அந்தத் தொலைபேசிப் பேச்சில் இருக்கும் இயல்பான குரல்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

படம் வெளிவந்தபோது நாவலின் இரண்டாம் பாகத்தைத் தழுவிய வேறொரு படத்தோடு இணைத்து ஒரே சீட்டில் காட்டினார்கள். அந்தப் படம் எடுபடவில்லை. எனவே அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, நகாதாவே 1999இல் புதிதாக ஒரு தொடர்ச்சியை எடுத்தார். 2002இல் கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய அமெரிக்கப் பதிப்பு நேர்த்தியானது, பெரும் வெற்றியும் பெற்றது. ஆனால் ஏறக்குறைய 20 நிமிடம் நீளமான அந்தப் படம், சிறுமியின் கடந்தகாலத்தை விளக்குவதில் அதிக நேரம் செலவிடுகிறது, காட்ட வேண்டாதவற்றையும் காட்டிவிடுகிறது. ஜப்பானிலோ சடாகோ மெல்ல மெல்ல விளம்பரச் சின்னம் ஆகிப்போனாள். 2012இல் புதுப்பட விளம்பரத்துக்காக ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் முதல் பந்து வீச அவளை அழைத்து வந்தார்கள், அரங்கம் கைதட்டியது. 2016இல் வேறொரு படத்தொடரின் பேயோடு மோதவும் விட்டார்கள். புதிதாகப் பார்க்க வருபவர்கள் இவற்றில் எதையும் முதலில் தொடாமல், 1998இன் மூலப் படத்தை வசன எழுத்துகளோடு, இரவில், முழு ஒலியில் பார்ப்பது நல்லது. பிடித்திருந்தால் தொடர்ச்சிகளை விட்டுவிட்டு, அதே சுசுகியின் கதையைத் தழுவி நகாதா 2002இல் எடுத்த ‘டார்க் வாட்டர்’ படத்துக்குப் போகலாம்; விவாகரத்தை எதிர்கொள்ளும் ஒரு தாயையும் சிறுமகளையும் சுற்றி நகரும் அந்தப் படம், இதைவிட மெதுவானது, துயரம் மிக்கது.